உரிய அலுவலர்

பதினெட்டு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். மாவட்ட நீர்நிலை நல்லிணக்க வாரியம் என்று கே.கே. நகரில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. அதில் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு எதிர் மேஜை என்னுடையது. பெயர் லட்சுமிநாராயணன், வீடு செல்லூர். இந்தக் கதையில் ஒரு இயந்திரம் வரும். அதன் மேல் பழியைப் போட நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், போடட்டும். அதற்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாரியத்தில் ஏழு பிரிவுகள். தண்ணீர் கண்மாயில் நிற்கிற வரைக்கும் அது கண்மாய்ப் பிரிவின் தண்ணீர். மடைக்குள் நுழைந்ததும் மடைப் பிரிவு. மடையைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் வாய்க்கால் பிரிவு. கரைக்கு ஒரு பிரிவு, கரையில் நிற்கும் கருவேல மரத்துக்கு ஒரு பிரிவு. தண்ணீருக்காக ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டால் அமைதிப் பிரிவு. தண்ணீரே இல்லையென்றால் அதற்கும் ஒரு பிரிவு உண்டு, அங்கேதான் ஆள் அதிகம். ஏழும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேச வைப்பதற்காக மாதத்துக்கு ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும்.

கூட்டம் என்றால் எங்கள் வாரியத்தில் முதலில் பொன்னாடை. ஏழு தலைவர்களுக்கும் ஏழு பேர் போர்த்துவார்கள். போர்த்தியவர்களுக்கு மரியாதை வேண்டாமா? அவர்களுக்கும் போர்த்த வேண்டும். போட்டோவில் யாராவது கண்ணை மூடிவிட்டால் கழற்றி, மடித்து, மறுபடி முதலிலிருந்து. முக்கால் மணி நேரம் இதற்கே சரியாகப் போகும். அப்புறம் வடை, டீ. எண்ணெய்க் கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டே நன்றியுரை.

தீர்மானம் எங்கே என்று கேட்பீர்கள். அது என் மேஜையில் நடக்கும். போன மாதக் குறிப்பை எடுத்து, ‘விரைந்து உரிய நடவடிக்கை எடுக்க முடிவு செய்யப்பட்டது’ என்பதை அப்படியே வைத்துத் தேதியை மட்டும் மாற்றுவேன். ஒரு தடவை கொசு ஒழிப்புத் தீர்மானத்தைத் தவறிப்போய் மடை பராமரிப்புக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் இன்னொரு தடவை, கரைப் பிரிவுத் தலைவருக்குப் போர்த்தியதைக் கருவேலப் பிரிவுத் தலைவருக்குப் பின்னால் எழுதிவிட்டேன். மூன்று நாளில் மெமோ வந்தது. அன்றிலிருந்து பொன்னாடை வரிசையை ஐந்து முறை சரிபார்க்காமல் நான் அனுப்பியதில்லை. அப்படியும் மேலேயிருந்து ஏதாவது திருத்தம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இத்தனை பொன்னாடைகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தவன் தோளில் ஒன்றுகூட விழுந்ததில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் என் மனைவி சீதாலட்சுமி இந்த விஷயத்துக்கு மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. “ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்குறீங்களே, உங்களுக்கு ஒருநாளாச்சும் ஒருத்தராச்சும் போத்துனாங்களா?” என்பாள். எனக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

போன வருடம் ‘இசைவு’ வந்தது. ஏழு பிரிவுக்கும் ஏழு செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள், ஏழையும் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய திரை. கர்ப்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, திரைக்குப் பின்னால் இருந்த பெட்டிக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி சூடேறி அணைந்துபோனது. அரை மணி நேரம் கழித்து விழா தொடர்ந்தது.

ஒருங்கிணைப்பு அலுவலர் ராஜகுரு பேசினார். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், பெங்களூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். “நண்பர்களே! இதுவரை நாம் ஏழு பிரிவும் தனித்தனியாகத் தாமதம் செய்து வந்தோம். அதனால் தாமதத்தில் ஒரு ஒழுங்கு இல்லை. யாரால் தாமதம் என்று மக்கள் விரல் நீட்டிக் கேட்கும் நிலை இருந்தது. செயற்கை நுண்ணறிவு யுகத்தில் நிறுவனங்கள் அப்படி இயங்க முடியாது. இனி ஒரே வாரியம், ஒரே முடிவு, ஒரே பொறுப்பு. அந்தப் பொறுப்பும் யார் தலையிலும் இருக்காது!” என்றார். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இசைவு வேலை பழக வேண்டுமே, அதற்கு என்னுடைய பதினெட்டு வருடக் குறிப்புகளையும் அதற்குள் ஏற்றினார்கள். ஏற்றிய பெண் இந்துப்ரியா, கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர். “உங்க எழுத்துலதான் சார் இது வளரப்போகுது” என்றாள். அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

முத்துச்செல்வி வந்தது தை மாதம், ஒரு திங்கட்கிழமை. நாற்பது வயதிருக்கும். எழுமலைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, அங்கிருந்து ஆரப்பாளையம், அங்கிருந்து கே.கே. நகர் என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தாள்.

“சார், ஒரு பூட்டத் தெறக்கணும் சார். அம்புட்டுதான்” என்றாள்.

அவள் ஊர்க் கண்மாயில் இரண்டு மடை. மேல்மடை மேலத்தெருக்காரர்கள் வயலுக்கு, கீழ்மடை இவள் தெரு வயல்களுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் தகராறு வந்து, எங்கள் வாரியத்தில் சமாதானக் கூட்டம் போட்டு, கீழ்மடை ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

“மேல்மடைக்கு?” என்று கேட்டேன்.

“அது தெறந்துதான் சார் கெடக்கு. சமாதானம் எங்களுக்கு மட்டுந்தான.”

பதினொரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நின்று சேர்த்ததில் அறுபது சென்ட் வாங்கியிருக்கிறாள். “எங்கம்மா சோணையம்மா இதே வயல்ல களையெடுத்த கூலி சார். இன்னைக்குப் பட்டா எம் பேர்ல இருக்கு. மொத வெள்ளாமை. மழையை நம்பி நெல்லு நட்டுட்டேன், அது பாதில நின்னுபோச்சு. கதிரு இன்னும் வெளிய வரல, பொதியில இருக்கு சார். ரெண்டு தண்ணி. ரெண்டே தண்ணி விட்டா வீடு வந்து சேந்துரும். கண்மாய் நெறையத் தண்ணி நிக்கிது, எட்டிப் பாத்தாத் தெரியுது, எடுக்க முடியல.”

“பூட்டை உடைக்க வேண்டியதுதானே” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நாங்க ஒடைச்சா கேஸு சார். அவுங்க ஒடைச்சா மராமத்து.”

மனுவை இசைவில் ஏற்றினேன். திரையில் ஏழு விளக்கும் எரிந்தன. பதினான்கு நிமிடத்தில் ஏழு இயந்திரங்களும் தங்களுக்குள் இரண்டாயிரத்து முந்நூறு கடிதம் எழுதிக்கொண்டன. நான் இரண்டொன்றைத் திறந்து படித்தேன். மடை இயந்திரம் வாய்க்கால் இயந்திரத்துக்கு வணக்கம் தெரிவித்திருந்தது. வாய்க்கால் இயந்திரம் அதற்கு நன்றி சொல்லி, நகலைக் கருவேல இயந்திரத்துக்கு அனுப்பியிருந்தது. கடைசியில் ஏழும் சேர்ந்து திரைக்குள்ளேயே ஒரு கூட்டம் நடத்தி, ஒன்றுக்கொன்று பொன்னாடை போர்த்திக்கொண்டதாகக் குறிப்பும் வந்தது. வரிசை மட்டும் அத்தனை கச்சிதம். அப்புறம் ஒரு தாள் அச்சாகி வெளியே வந்தது: ‘மனுதாரருக்குப் பொன்னாடை அணிவிக்கவும்.’

ராஜகுரு தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு, “இயந்திரம் காரணமில்லாமச் சொல்லாது சார்” என்று எழுந்து வந்து போர்த்தினார். திரையின் கேமராவில் அது பதிவானதும் ஏழு விளக்கும் பச்சையாயின. ‘கோரிக்கை நிறைவேறியது.’

“எதுக்கு சார் இது?” என்றாள் முத்துச்செல்வி. “பூட்டு?”

“முடிஞ்சிருச்சும்மா. பச்சை வந்துருச்சு பாருங்க” என்றார் ராஜகுரு.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தாள். “கதிரு வெளிய வந்துருச்சு சார். பால் பிடிக்கிற நேரம். இந்த வாரம் தண்ணி காட்டலேன்னா பூராம் பதராப் போயிரும்.” மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை ஒன்பது நிமிடம்தான். ராஜகுரு வேகத்தைப் பாராட்டினார். இரண்டாவது பொன்னாடை, மறுபடி பச்சை.

இந்துப்ரியாவுக்குப் போன் போட்டேன். “ஏம்மா, பூட்டைப் பத்தி மனுக் குடுத்தா, இது ஏன் பொன்னாடை போத்தச் சொல்லுது?”

“அது தப்புப் பண்ணல சார்” என்றாள். “உங்க ஆபீஸ்ல எது முக்கியம்னு உங்க குறிப்புலேருந்துதான் அது கத்துக்குச்சு. எதை மேலதிகாரிங்க திருத்துறாங்களோ அது முக்கியம், எதை யாருமே திருத்தலையோ அது சும்மா எழுதுறது. பொன்னாடை வரிசையில அறுநூத்திப் பன்னெண்டு திருத்தம் இருக்கு சார். தீர்மானத்துல, பதினெட்டு வருசத்துல ஒண்ணுகூட இல்ல.”

போனை வைத்துவிட்டு அந்தச் சமாதானக் கூட்டத்தின் குறிப்பைத் தேடி எடுத்தேன். என் குறிப்புதான். பொன்னாடை விவரம் இரண்டு பக்கம். கடைசியில் ஒரு வரி: ‘கீழ்மடை பூட்டப்பட்டு, சாவி உரிய அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது.’ யார் அந்த உரிய அலுவலர்? மடைப் பிரிவில் கேட்டேன், அமைதிப் பிரிவைக் கைகாட்டினார்கள். அமைதிப் பிரிவில் கேட்டால் கண்மாய்ப் பிரிவு. ஏழு பிரிவுப் படியும் ஏறி இறங்கினேன்.

மறுநாள் காலை ஒரு கூட்டத்துக்காகப் பொன்னாடை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மிச்சமான பழைய பொன்னாடைகளைக் கட்டைப்பையில் போட்டு வைப்பது என் பழக்கம். அடியிலிருந்த ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து ஒரு சாவி கீழே விழுந்தது. அதில் கட்டியிருந்த அட்டைச் சீட்டில் ‘கீழ்மடை’ என்று எழுதியிருந்தது. எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கை நிறையப் பொன்னாடையோடு நின்றேன். யாரோ “இதைப் பிடிங்க சார்” என்று நீட்டினார்கள். வாங்கி மடிப்புக்குள் செருகிவிட்டு அடுத்த தலைவருக்கு ஓடினேன். உரிய அலுவலர் நான்தான்.

உடனே சாவியை ராஜகுருவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இன்னைக்கு மத்தியானப் பஸ்ஸைப் பிடிச்சா சாயங்காலம் தொறந்துறலாம் சார். நானே போறேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. “சார், நீங்க சாவியைக் கண்டுபிடிக்கல. இசைவு கண்டுபிடிக்க வச்சிருக்கு. ஏழு பிரிவும் சேந்து அடைஞ்ச முதல் வெற்றி இது. இதைப் போய் நீங்க பஸ்ல எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டா, அப்புறம் கூட்டுச் செயல்பாடு எங்க சார் இருக்கு? ஒரு தனி மனுஷன் பண்ணுன வேலையாப் போயிராதா?”

விஷயத்தை இசைவில் ஏற்றினார். ‘சாவி ஒப்படைப்பு விழா’ என்று வந்தது. ஏழு தலைவர்களும் ஒரே நாளில் ஓய்வாக இருக்கும் தேதியை இசைவே தேடிக் கொடுத்தது. பத்தொன்பது நாள் கழித்து. அதுவரைக்கும் சாவியை ஒரு சிவப்பு வெல்வெட் தட்டில் வைத்து, திரைக்குக் கீழே, கேமரா பார்க்கிற இடத்தில் வைத்தார்கள்.

புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் முத்துச்செல்வி வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள்.

“சார்... சாவி இந்தா இருக்கே சார்!”

“இருக்கும்மா.”

“குடுங்க சார். பாதிக்கு மேல பதராயிருச்சு. இன்னைக்குத் தண்ணி விட்டாக்கூட மிச்சத்தப் பாத்துக்குவேன். சாப்பாட்டுக்காச்சும் ஆகும் சார்.”

“விழாவுல வச்சுத்தான் குடுக்கணுமாம்.”

கேட்டுவிட்டு அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “எப்ப சார் விழா?” என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள், நடுவில் நிறுத்திவிட்டாள். “வாரேன் சார்” என்று போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், நான்தான். படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஆரப்பாளையம் பஸ் வந்து நின்று, முன்படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. இசைவிடமிருந்து மெமோ: ‘சாவி தட்டில் இல்லை. விளக்கம் தருக.’ நகல் ஏழு பிரிவுகளுக்கும். நான் தட்டைத் தொட்ட போட்டோவும் கூடவே வந்திருந்தது. என் சர்வீஸில் வாரியத்தில் ஒரு வேலை இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

கண்டக்டர், “ஏறுறீங்களா, எறங்குறீங்களா அண்ணே?” என்றார்.

இறங்கினேன். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. பென்ஷன், இளையவள் காவ்யஸ்ரீயின் படிப்பு என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். உள்ளதைச் சொன்னால் பயந்துபோய்விட்டேன், அவ்வளவுதான். சாவியைத் தட்டில் வைத்தேன், துடைப்பதற்காக எடுத்ததாக விளக்கம் எழுதினேன். ஏழு பிரிவும் ஏற்றுக்கொண்டன.

விழாவன்று வாசலில் பந்தல், ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் ஏழு தலைவர்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் முத்துச்செல்வி, பொன்னாடையோடு. அவள் முதல் தடவை வந்தபோது கேமரா எடுத்த படம் அது, வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது.

அவள் வந்தாள். வராவிட்டால் மனு ரத்தாகும் என்று இசைவு அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “வயல் எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“ஆட்டை விட்டு மேச்சுட்டேன் சார்” என்றாள். “சாவியாச்சும் கையில இருந்தா அடுத்த வெள்ளாமைக்கு ஆகும்ல. அதான் வந்தேன்.”

ஒவ்வொரு தலைவரும் பேசினார்கள். வாய்க்கால் பிரிவுத் தலைவர், வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாமல் காத்த பெருமை இரண்டு வருடமாகத் தம் பிரிவுக்கு உண்டு என்றார். அமைதிப் பிரிவுத் தலைவர், கீழ்மடைப் பக்கம் பயிர் எதுவும் இல்லாததால் இனித் தகராறுக்கே இடமில்லை என்று மகிழ்ச்சி தெரிவித்தார். ராஜகுரு கடைசியில் எழுந்து, “இன்று காலை நிலவரப்படி அந்த வயலின் தண்ணீர்த் தேவை பூஜ்யம் என்று இசைவு கணித்திருக்கிறது. நாம் ஒன்றிணைந்ததால்தான் இது சாத்தியமாயிற்று” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார்.

பிறகு சாவியைக் கொண்டு வந்தார்கள். மூன்றடி நீளம், தெர்மாகோலில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டியது. போட்டோவில் சின்னச் சாவி தெரியாது என்று இசைவு சொன்னதாம். ஏழு பேரும் ஆளுக்கொரு கை பிடித்து அவளிடம் கொடுத்தார்கள். ராஜகுரு மூன்றாவது பொன்னாடையைப் போர்த்தினார்.

முத்துச்செல்வி அந்தத் தெர்மாகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சார், இது பூட்டுக்குள்ள போகுமா?” என்று கேட்டாள்.

பந்தலே சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வு என்று கரைப் பிரிவுத் தலைவர் பாராட்டினார்.

“நிஜச் சாவி?” என்று அவள் மறுபடி கேட்டாள்.

“அது அரசாங்கச் சொத்தும்மா. பாதுகாப்பா உரிய அலுவலர்கிட்ட இருக்கும்” என்று ராஜகுரு என்னைக் காட்டினார். வெல்வெட் தட்டு என் கையில்தான் இருந்தது.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். தெர்மாகோலை என் காலருகில் சாய்த்து வைத்தாள். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, உதறி, இரண்டு கையாலும் விரித்து, என் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். சுருக்கத்தை நீவிக்கூட விட்டாள்.

“நீங்கதான சார் உரிய அலுவலர். இதுக்கா இம்புட்டு வருசம் காத்திருந்தீக? போட்டுக்கங்க.”

கூட்டம் கை தட்டியது. போட்டோகிராபர் என்னை நிமிரச் சொன்னார், நிமிர்ந்தேன். அவள் பந்தலைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போவது தெரிந்தது. தட்டில் சாவி இருந்தது. கூப்பிட்டிருக்கலாம்.

மேலே வந்தபோது கூட்டக் குறிப்பு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பொன்னாடை விவரம் மூன்று பக்கம். கடைசிக்கு முந்திய வரி: ‘உரிய அலுவலர் திரு. லட்சுமிநாராயணன் அவர்களுக்கு மனுதாரர் பொன்னாடை அணிவித்தார். கோரிக்கை நிறைவேறியது.’ அதற்குக் கீழே: ‘சாவி உரிய அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது.’

பழக்கதோஷத்தில் ஐந்து முறை சரிபார்த்தேன். பொன்னாடை வரிசையில் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.